இரண்டு ஜோடி பழுப்புச் சப்பாத்து

பாசிர் கூடாங்கில் ஒரு சரக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து கண்டெய்னர் எண்களைச் சரிபார்க்கிறவனுக்கு இங்கிலாந்துச் சப்பாத்து எதற்கு? என் மனைவி இதைக் கேட்டிருக்கிறாள். அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். பேசவே பேசாத பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தாகூட ஒருநாள் என் காலைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். எல்லாருக்கும் ஒரே பதில்தான். என் அண்ணன். அந்த மனிதர் ஒரு கிறுக்கில் இறங்கினால் தனியாக இறங்க மாட்டார், பக்கத்தில் இருப்பவன் சட்டையையும் பிடித்து இழுத்துக்கொண்டுதான் இறங்குவார்.

அண்ணன் சிங்கப்பூரில் ஒரு பெரிய ஹோட்டலின் விருந்து மண்டபத்தைப் பார்த்துக்கொண்டார். வீடு இந்தப் பக்கம், ஜொகூரில், பெர்மாஸ் ஜெயாவில். விடியும் முன்பே எல்லைப் பாலத்தைக் கடந்து போய், இருட்டிய பிறகு திரும்புவார். வருடக்கணக்காகப் பணக்காரர்களின் கல்யாணங்களில் ஓரமாக நின்று அவர்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவருக்கு அந்த ஆசை பிடித்துக்கொண்டது. வேறு யாராவது இருந்தால் கடிகாரத்தின் மேல் ஆசைப்பட்டிருப்பார்கள்.

முதன்முதலில் என்னை அவர் அழைத்துப் போனது நல்ல கடைக்கு அல்ல, ஜொகூர் பாருவில் ஒரு பண்டல் கடைக்கு. ஜப்பானிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய துணிமணிகளையும் பைகளையும் சப்பாத்துகளையும் குவித்து விற்கும் இடம். பாச்சை உருண்டை வாசம் மூக்கைத் துளைத்தது. அண்ணன் ஒரு குவியலைக் கிளறி, அடியிலிருந்து ஒரு கறுப்பு ஜோடியை எடுத்தார். உள்ளே இங்கிலாந்துக் கம்பெனியின் பெயர் பாதி அழிந்திருந்தது. இடது சப்பாத்துக்குள் கையை மணிக்கட்டு வரை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"வயசான ஆளுடா. சுண்டுவிரல் வளைஞ்சிருக்கு. வெளிப்பக்கமா சாஞ்சு நடந்திருக்கான்."

"ஜோசியம் பார்க்குறீங்களா?"

"நீயே கைய விட்டுப் பாரு."

விட்டேன். உள்ளே தோலில் ஐந்து விரல்களுக்கும் ஐந்து குழி இருந்தது. குதிகாலுக்கு ஒரு பெரிய குழி. என் விரல்கள் அந்தக் குழிகளில் தாமாகப் போய் உட்கார்ந்தன. முகம் தெரியாத ஒருவன் உள்ளேயிருந்து என் கையைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அண்ணன் கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

அப்புறம் விளக்கினார். இங்கிலாந்தில் நல்ல முறையில் தைக்கும் சப்பாத்தில் அடித்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவே தக்கை நிரப்புவார்களாம். போட்டு நடக்க நடக்க, உடம்பின் சூட்டிலும் பாரத்திலும் அந்தத் தக்கை அமுங்கி, போடுகிறவனின் காலைப் போலவே ஆகிவிடுமாம். "அதுக்கப்புறம் எவன் போட்டாலும் மொதல்ல போட்டவன் காலுக்குள்ளதான் கால விடணும்," என்றார். சொல்லிவிட்டு அந்த முகம் தெரியாத மனிதரின் சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அளவு சின்னதாகப் போனதால் வாங்கவில்லை. இல்லாவிட்டால் வாங்கியிருப்பார், அண்ணியும் அதை வாசலிலேயே வைத்து எரித்திருப்பார்.

அதற்குப் பிறகு ஒப்பிடும் படலம் ஆரம்பித்தது. அதைப் படலம் என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு நீளம். அண்ணனின் விடுமுறை நாளில் நானும் லீவு போட வேண்டும், இரண்டு பேரும் சிங்கப்பூரில் கடை கடையாக ஏற வேண்டும். கடைசியில் இரண்டு கம்பெனிகள் மிஞ்சின, இரண்டும் இங்கிலாந்தில் ஒரே ஊர். ஒன்றின் மூக்கு நீண்டு, இடுப்பு ஒடுங்கி, குதிகாலைக் கவ்விப் பிடித்தது. இன்னொன்று உருண்டு, முன்பக்கம் தாராளமாக, குதிகாலில் தொளதொளவென்று இருந்தது. ஒவ்வொரு கம்பெனியும் தன் சப்பாத்தை ஒரு மரக்கட்டையின் மேல் இழுத்துத் தைக்கிறது, அந்தக் கட்டையின் வளைவில்தான் எல்லாம் இருக்கிறது என்று அண்ணன் எனக்குப் பாடம் எடுத்தார். எங்கள் காலோ பண்டார் தெங்காரா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் செருப்பில்லாமல் வளர்ந்த கால். முன்னால் அகலம், பின்னால் ஒல்லி. எந்த வெள்ளைக்காரன் அதற்குக் கட்டை செதுக்கி வைத்திருப்பான்?

அண்ணன் விடவில்லை. வீட்டில் சாப்பாட்டு மேசையின் மேல் செய்தித்தாளை விரித்து, என்னை ஏறி நிற்கவைத்து, பிறகு தானும் ஏறி நின்று, காலைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தார். அண்ணி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டார்.

"சோறு திங்கிற மேசையில காலத் தூக்கி வைக்கிறீங்களே, உங்களுக்கெல்லாம் புத்தி இருக்கா? தம்பி, நீயுமா?"

"அவர்தான் ஏறச் சொன்னார் அண்ணி."

"அவர் கடல்ல குதிக்கச் சொன்னா குதிப்பியா?"

வரைந்து பார்த்தால் எங்கள் இருவரின் காலும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தியது. அண்ணனுக்கு அதில் ஒரே சந்தோஷம். குதிகாலைக் கவ்விய கம்பெனியே ஜெயித்தது. அடர்ந்த பழுப்பு, கன்றுத் தோல், மூக்கில் ஒரு பட்டை, வேறு அலங்காரம் இல்லை. ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே நாளில் ஆளுக்கொரு ஜோடி. வேறு நிறம் எடுக்கிறேன் என்று நான் சொன்னதற்கு, "ஏன்டா, அண்ணன் மாதிரி இருந்தா கேவலமா?" என்று கடைக்காரப் பெண்ணின் முன்னாலேயே கோபித்துக்கொண்டார்.

இரண்டு பேரும் தினமும் போட்டோம். ஜொகூர் ஈரத்தில் தோலில் பூசணம் பூத்துவிடும் என்று அண்ணன் வாரத்துக்கு ஒருமுறை தன் ஜோடியைத் துடைத்து வாசல் ரேக்கில் காற்றாட வைப்பார். எனக்கும் போன் போட்டு, "தொடச்சியா?" என்று கேட்பார். நடந்தால் மட்டும் வித்தியாசம் தெரியும். அவர் இடது குதிகாலின் வெளிப்பக்கத்தை அழுத்தி நடப்பார். டைல் தரையில் முதலில் டக்கென்று ஒரு சத்தம், அதன் பின்னாலேயே சின்னதாக ஓர் உரசல். அண்ணி அதை வைத்துத்தான் கேட்டின் பக்கம் திரும்பாமலே அடுப்பில் தண்ணீர் வைப்பார்.

அவருடைய ஒரு விடுமுறை நாளில், மதியம் சாப்பிட்டுவிட்டு ஹாலில் தன் நாற்காலியில் சாய்ந்த அண்ணன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். நான் அலுவலகத்திலிருந்து நேரே ஓடினேன். வாசலில் ரேக்குக்கு முன்னால் சப்பாத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேன். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் நிதானமில்லை. அவருக்கு ஒரே மகள், கோலாலம்பூரில் வேலை. அதனால் கொள்ளி வைப்பது என் பொறுப்பானது. வேட்டியைக் கட்டி, வெறுங்காலோடு சொன்னதையெல்லாம் செய்தேன். பெட்டியில் அவரைக் கோட்டு சூட்டோடு கிடத்தியிருந்தார்கள். சப்பாத்து போட்டு அனுப்ப வேண்டும் என்று அண்ணி பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். பெட்டியின் கீழ்ப்பாதி மூடி, மேலே மாலைகள் கிடந்தன. காலை நான் பார்க்கவே இல்லை. அப்படியே மின்சுடலைக்குக் கொண்டுபோனோம்.

மறுநாள் வீட்டுக்குக் கிளம்பும்போது ரேக்கில் ஒரு பழுப்பு ஜோடி இருந்தது. யாரோ என்னுடையதை எடுத்து ஒழுங்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

காரியம் முடியும்வரை ரப்பர் செருப்புதான். அது முடிந்து முதல்நாள் வேலைக்குக் கிளம்பும்போது சப்பாத்துக்குள் காலை விட்டேன். கால் சரியாகத்தான் போனது, ஆனால் எனக்காகக் காத்திருந்தது வேறு பள்ளம். கட்டைவிரல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது. குதிகால் தானாக வெளிப்பக்கம் சரிந்தது. அழுது அழுது கால் வீங்கிவிட்டதோ என்று முட்டாள்தனமாக நினைத்தேன். அலுவலகத்தின் நீண்ட நடைவழியில் நான்கு எட்டு வைத்ததும் அந்தச் சத்தம் கேட்டது. டக். அப்புறம் அந்த உரசல். நின்றேன், சத்தமும் நின்றது. பின்னால் யாரும் இல்லை. முன்வரிசையில் உட்காரும் மலாய்ப் பெண் எட்டிப் பார்த்து, "அலமாக், வேற யாரோ பெரியவங்க வர்றாங்கன்னு நெனச்சேன்," என்று மலாயில் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, சப்பாத்தைக் கழற்றிக் கையை உள்ளே விட்டேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அது என் அண்ணனின் கால். தோல் வெதுவெதுப்பாக இருந்தது, அது என் காலின் சூடுதான் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் கையை எடுக்கப் பயமாக இருந்தது.

அண்ணியின் தம்பிக்குப் போன் செய்தேன். அவன்தான் அன்று சப்பாத்தை எடுத்துக் கொடுத்தவன்.

"எங்கேருந்து எடுத்தே?"

"அக்கா வாசல்ல இருக்கிற பிரவுன் சப்பாத்துன்னாங்க. ரேக்குக்கு முன்னால கீழ கிடந்துச்சே, அதான். ஏன் மச்சான்?"

"ஒண்ணுமில்ல," என்று வைத்துவிட்டேன். என் சப்பாத்து என் அண்ணன் காலோடு எரிந்து போயிருந்தது. எல்லாரும் வாசலில் கழற்றிப் போடும் வீட்டில், ஒரே மாதிரி இரண்டு ஜோடி வாங்கிய கிறுக்கர்களுக்கு மட்டும் நடக்கக்கூடிய தப்பு அது.

மனைவியிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லித் தொலைத்தேன். "உங்க சப்பாத்து உங்களுக்கு முன்னாடியே சுடலைக்குப் போயிருச்சா?" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அன்றே கோயிலுக்கு இழுத்துப் போய்க் கையில் கறுப்புக் கயிறு கட்டவைத்தாள். மிஞ்சிய ஜோடியைக் கடலில் போடச் சொன்னாள். மாட்டேன் என்று கத்தினேன். உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சப்பாத்தைப் போடும்போது எனக்குப் பயமாகவும் இருந்தது, போடாமல் இருக்கவும் முடியவில்லை. நடந்தால் அவர் நடந்தார். எனக்கு அது வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை தோறும் வேலை முடிந்து அண்ணிக்குக் காய்கறி வாங்கிக்கொண்டு போவேன். சப்பாத்தோடு முதல் முறை போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. கேட்டைத் திறந்து கார் நிறுத்தும் டைல் தரையில் நடந்தேன். அஸ்தமிக்கும் நேரம். ஹாலில் விளக்கு போடவில்லை. உள்ளே, முதுகைக் காட்டி நின்றிருந்த அண்ணி திரும்பாமல் பேசினார்.

"வந்துட்டீங்களா? தண்ணி சூடா இருக்கு, குளிச்சிட்டு வாங்க. பசியாறலாம்."

அண்ணி என்னை ஒருநாளும் அப்படி மரியாதை கொடுத்து அழைத்ததில்லை. நான் அவருக்கு எப்போதும் நீ, வா, போதான். அண்ணி மெல்லத் திரும்பி இரும்புக் கதவின் வழியாக என்னைப் பார்த்தார். முகத்தில் அதிர்ச்சி இல்லை, அழுகை இல்லை.

"நீயா. உள்ள வா தம்பி," என்று காய்கறிப் பையை வாங்கிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து அண்ணன் மகள் போனில் அழுதாள்.

"சித்தப்பா, அம்மா வெள்ளிக்கிழமை மட்டும்தான் சோறு சாப்பிடுறாங்க. அப்பா வர்ற சத்தம் கேட்டாதான் எறங்குதாம். மத்த நாளெல்லாம் வெறும் காப்பி. நான் போன வாரம் வந்து பார்த்தேன், எலும்பும் தோலுமா இருக்காங்க. டாக்டர் இப்படியே போனா தாங்காதுங்கிறார். என்கூட கேஎல் வாங்கன்னா வர மாட்டேங்கிறாங்க. அப்பா வந்து கதவத் தட்டுவாராம், ஆள் இல்லாம திரும்பிப் போயிருவாராம்."

நான் என் ஆறுதலுக்காகப் போட்டுக்கொண்டு திரிந்த சப்பாத்து அங்கே ஓர் உயிரைத் தின்றுகொண்டிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை ரப்பர் செருப்போடு போனேன். அண்ணி கேட்டிலேயே நின்றிருந்தார். முதலில் என் காலைப் பார்த்தார், அப்புறம் எனக்குப் பின்னால் சாலையைப் பார்த்தார்.

"இன்னிக்கு அவரக் கூட்டிட்டு வரலையா?"

"யார அண்ணி?"

அவர் உள்ளே போய்விட்டார். மேசையில் இரண்டு தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. மீன் குழம்பு ஆறிப்போய் மேலே ஆடை கட்டியிருந்தது. எவ்வளவு கெஞ்சியும் ஒரு வாய் வைக்கவில்லை. போட்டுக்கொண்டு வந்தால் காத்துக்கொண்டே இருப்பார், போடாமல் வந்தால் பட்டினி கிடப்பார். இப்படியும் ஒரு இக்கட்டா என்று அண்ணன் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. செத்தும் இழுக்கிறாரே மனிதர்!

மறுநாள் மாலை சப்பாத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போனேன். அண்ணியின் முன்னால் தரையில் வைத்து நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கீழே உட்கார்ந்து இடது சப்பாத்துக்குள் கையை விட்டார். நீண்ட நேரம் கையை வெளியே எடுக்கவில்லை.

"அவர் கால்தான்," என்றார். "அப்ப அவர் போட்டுக்கிட்டுப் போனது?"

"என்னோடது அண்ணி."

"அதான்."

"ஒரே அளவுதானே அண்ணி. ஒண்ணும்..."

"அளவு ஒண்ணு. கால் வேற. அடுத்தவன் சப்பாத்தப் போட்டு அனுப்பினா எப்படிப் போவார்?" கையை இன்னும் உள்ளேயே வைத்திருந்தார். "சத்தம் உன் கால்லேருந்துதான் வருதுன்னு எனக்கு முதல் நாளே தெரியும் தம்பி. நான் பைத்தியம்னு நெனச்சியா? ஆனா நடக்குறது நீ இல்ல."

வெளியே பகல் வெளிச்சம் இன்னும் இருந்தது. பக்கத்து வீட்டில் பிள்ளைகள் பந்து விளையாடும் சத்தம் கேட்டது.

"வேலைக்குப் போனாக்கூட கேட் கிட்ட நின்னு சொல்லிட்டுப் போற மனுஷன்," என்றார் அண்ணி. "அன்னிக்கு சாஞ்சவர் ஒரு வார்த்தை சொல்லல. இதப் போட்டுக்க."

"வாசல்லயா?"

"இங்கேயே. அவர் நாற்காலில உக்காந்து போட்டுக்க. எந்திரிச்சு நடந்து வெளிய போ. சொல்லிட்டுப் போ."

எங்கள் வீடுகளில் சப்பாத்து வாசலைத் தாண்டாது. அண்ணி ஒருநாளும் விட்டவரில்லை. நான் அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்து காலை அந்தக் குழிகளில் வைத்துக் கயிற்றைக் கட்டினேன். அண்ணி எழுந்து சமையலறை வாசலில் போய் நின்றார். புடவையை இழுத்துச் சரிசெய்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்தேன். அந்த ஹாலின் தரையில் முதல் முறையாக அந்தச் சத்தம் விழுந்தது. டக், உரசல். டக், உரசல். கதவருகில் நின்று, வழக்கம்போல, "போயிட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"வரேன்னு சொல்லாதே," என்றார் அண்ணி.

வரேன் போனால் மிஞ்சுவது, பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் வாசலில் நின்று சொல்லாத வார்த்தை. சொன்னால் அம்மா வாயிலேயே போடுவார். கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"போறேன்," என்றேன்.

"சரிங்க," என்றார் அண்ணி. குரல் உடையவில்லை. "பார்த்துப் போங்க."

திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கேட்டை அடைந்தபோது உள்ளே தட்டைத் திருப்பி வைக்கும் சத்தமும், சட்டியில் கரண்டி மோதும் சத்தமும் கேட்டன. அவர் சோறு போட்டுக்கொண்டிருந்தார். நினைத்தது நடந்துவிட்டது, எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். சாலையோரக் கால்வாய்த் திட்டில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்கப் பார்த்தேன், விரல்கள் கேட்கவில்லை. அண்ணன் அண்ணியிடம் சொல்லிக்கொண்டு போய்விட்டார். என்னிடம் சொல்ல யாருமில்லை.